படைப்புக்குப் போட்ட மாத்திரையும் கடைசி வரி மாத்திரையும்

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டு பதில் சொல்லக் கூடாது அல்லவா. உங்களுக்கு வயது 26. காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். பலகாரம் சுடும் இடத்தில் அடுப்படி வேலை. புகுந்த வீட்டில் படைப்பு, அதாவது முன்னோருக்கும் குலதெய்வத்துக்கும் படையல் போட்டுக் கும்பிடும் சடங்கு, வந்தது. அந்த நாளில் தூரமாகிவிடக் கூடாது என்று கடையில் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கி, தினம் மூன்று வீதம் எட்டு நாள் போட்டீர்கள். படைப்பு வேலையில் இடுப்பு ஒடிந்துபோய் நாலு நாள் வலி மாத்திரை. தூக்கம் வராத மூன்று இரவு மாமியாரின் தூக்க மாத்திரையில் பாதி. மாத்திரையை நிறுத்திய பிறகும் விலக்கு வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு அதே கடையில் 'வரவழைக்கும் மாத்திரை' கேட்டிருக்கிறீர்கள். காகிதப் பொட்டலத்தில் அஞ்சு நாளைக்கு மடித்துக் கொடுத்தார்கள். அப்போதும் வரவில்லை. 45ஆம் நாள் சோதனை அட்டையில் இரண்டு கோடு. 'மருந்து பட்ட கரு, ஊனமாப் பிறக்கும், கலைச்சிருன்னு நாத்தனார் சொல்றாங்க, கலைக்கவா?' என்று கேட்கிறீர்கள்.

இதற்கெல்லாம் பத்துப் பன்னிரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு வரி: அடுப்புச் சூட்டில் வரும் தலைவலிக்கு ஒரு வருஷமாக டிரமடால் கலந்த மாத்திரை தினம் நாலு போடுகிறீர்கள், அது இல்லாவிட்டால் கை நடுங்கி வேர்க்கிறது, 'அது பழகிப் போச்சு, அதால ஒண்ணுமில்லையே?' என்று. நீங்கள் பயப்படுகிற இடத்தில் ஆபத்து மிகக் குறைவு. பயப்படாமல் தாண்டிப் போன அந்த வரியில்தான் விஷயமே இருக்கிறது. என் பதிலின் சாரம் இவ்வளவுதான், மீதியெல்லாம் விளக்கம்.

நான் மருத்துவர் இல்லை. மதுரையில் மருந்தாளுநர் படிப்பு முடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பல வருஷம், பிறகு தேவகோட்டைப் பக்கம் சொந்த மருந்துக்கடை, எல்லாம் சேர்த்தால் 30 வருஷத்துக்கு மேல். கடையில் நிற்பது பெண் என்பதால் மற்ற கடையில் கேட்கக் கூசுவதை என்னிடம் வந்து கேட்பார்கள். அதனால் நம் ஊர்ப் பெண்கள் எந்த மாசம் எந்த மாத்திரை வாங்குகிறார்கள் என்று எனக்கு அத்துபடி. தை, மாசியில் தள்ளிப்போடும் மாத்திரை பறக்கும். கும்பாபிஷேகம் என்றால் இன்னும் அதிகம். மருந்து என்ன செய்யும் என்று என்னால் சொல்ல முடியும். ஸ்கேன் பார்ப்பதும், உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்து முடிவு சொல்வதும் மருத்துவர் வேலை; அந்த எல்லையைத் தாண்ட மாட்டேன்.

கர்ப்பத்தில் மருந்தின் ஆபத்தைப் பேச மருந்தின் பெயர் மட்டும் போதாது. எந்த நாளில், எவ்வளவு, எத்தனை நாள் என்பதும் வேண்டும். ஒரு காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி விலக்கு தொடங்கிய நாளை 1 என்று குறியுங்கள். உங்களுக்கு மாசம் தவறாமல் 28 நாளில் வரும் என்பதால் கரு தரித்தது ஏறக்குறைய 14ஆம் நாள். அங்கிருந்து இரண்டு வாரம், அதாவது 28ஆம் நாள் வரைக்கும், கரு என்பது இன்னும் பாகம் பிரியாத செல் கூட்டம். அந்த நேரத்தில் ஒரு மருந்து அதைப் பலமாகத் தாக்கினால் கரு தங்காது. தங்கிவிட்டால் அடிபட்ட செல்களுக்குப் பதில் வேறு செல்கள் வந்து முழுதாகவே வளரும். 'ஒன்று எல்லாம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை' என்பது இந்தக் கட்டத்துக்கு மருத்துவத்தில் சொல்லும் கணக்கு. அதற்குப் பிறகு 5ஆம் வாரத்திலிருந்து 10ஆம் வாரம் வரை உறுப்புகள் உருவாகும் காலம். 36ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்கும். 42ஆம் நாள் வாக்கில் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழல் மூடிவிடும். கை, கால், அண்ணம் எல்லாம் இந்தச் சில வாரங்களில்தான். உண்மையான கெட்ட மருந்து ஒன்று உள்ளே போனால் சேதம் செய்யும் காலம் இது.

உங்கள் கணக்கை இதன் மேல் வைத்துப் பாருங்கள். தள்ளிப்போடும் மாத்திரை 25ஆம் நாளிலிருந்து 32ஆம் நாள் வரை. அதில் பாதி அந்த 'எல்லாம் அல்லது ஒன்றுமில்லை' கட்டத்தின் விளிம்பு, மீதிப் பாதி உறுப்பு உருவாகும் காலத்தின் தொடக்கம். வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் 30ஐ ஒட்டி. வரவழைக்கும் மாத்திரை 39லிருந்து 43 வரை. இது மட்டும் உறுப்பு உருவாகும் காலத்துக்கு நட்டநடுவில் வருகிறது.

தள்ளிப்போடும் மாத்திரை என்று நம் கடைகளில் கொடுப்பது நோரெத்திஸ்டிரோன், 5 மில்லிகிராம். கர்ப்பத்தைக் காக்கும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோனின் செயற்கை உறவுக்காரி. இதைப் பற்றிய பழைய பயத்துக்குக் காரணம் உண்டு: முன்காலத்தில் கரு கலையாமல் இருக்க இதே வகை மருந்தைக் கூடுதல் அளவில், வாரக்கணக்கில், மூன்று மாதத்தைத் தாண்டியும் கொடுத்தபோது சில பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பு ஆண் சாயலில் தடித்திருந்தது. அது உறுதியான விஷயம். ஆனால் பிறப்புறுப்பு ஆண், பெண் என்று பிரிந்து வளரத் தொடங்குவது நீங்கள் மாத்திரை போட்ட நாட்களுக்குச் சில வாரங்கள் கழித்து. எட்டு நாள் அளவில் போட்டு, கர்ப்பம் தெரிந்ததும் நிறுத்தியவர்களின் குழந்தைகளுக்கு ஊனம் கூடியதாக நம்பும்படியான சான்று கிடையாது. சந்தேகம் இருக்கிற ஒரு மூலையையும் மறைக்காமல் சொல்கிறேன். இதே நோரெத்திஸ்டிரோன் வகையை ஈஸ்ட்ரோஜனோடு சேர்த்து, கர்ப்பமா இல்லையா என்று பார்க்கும் மாத்திரையாக பிரிட்டனில் விற்றார்கள். 1978இல் அது நின்றது. அதனால் குழந்தைகள் பாதிக்கப்பட்டதாகக் குடும்பங்கள் இன்றும் போராடுகின்றன. 2017இல் அரசு அமைத்த நிபுணர் குழு, மருந்துதான் காரணம் என்று சொல்லச் சான்று போதாது என்றது. 2020இல் வந்த இன்னொரு விசாரணை, சந்தேகம் எழுந்த 1967லேயே அதைச் சந்தையிலிருந்து எடுத்திருக்க வேண்டும் என்றது. நம் நாட்டிலும் அந்த மாதிரி கூடுதல் அளவுக் கலப்பு மாத்திரையைக் கரு கலைக்கவென்று பெண்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள், அது கலைக்கவே கலைக்காது என்று தெரியாமல். பெண்கள் அமைப்புகள் வருஷக்கணக்கில் போராடி 1980களின் இறுதியில் தடை வாங்கினார்கள். அந்த மாத்திரை போய்விட்டது. 'வரவழைக்க ஒண்ணு குடுங்க' என்ற கேள்வி மட்டும் கடைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

வலி மாத்திரை நீங்கள் படம் போட்டிருப்பதில் தெளிவாகத் தெரிகிறது: அசெக்ளோஃபெனக், பாராசிட்டமால் கலவை. கர்ப்பத்தில் வலிக்கு முதலில் கொடுக்கும் மருந்தே பாராசிட்டமால்தான். அண்மையில் ஆட்டிசம் வரும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. சுவீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளைப் பார்த்து 2024இல் வெளியான ஆய்வில், ஒரே தாய்க்குப் பிறந்த குழந்தைகளை ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு காணாமல் போய்விட்டது. அசெக்ளோஃபெனக் வகை, ஆரம்பத்தில் கருச்சிதைவைக் கொஞ்சம் கூட்டுமா என்பது இன்னும் முடியாத வழக்கு. நாலு நாள் போட்டு கரு தங்கியிருக்கிறது என்றால் உங்களுக்கு அந்தக் கேள்வி முடிந்தது. இனிமேல் தொடாதீர்கள், குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு: குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கும், கடைசி மாதங்களில் இதயத்தையொட்டிய ஒரு ரத்தக்குழாயை நேரத்துக்கு முன்பே மூடவைக்கும். மாமியாரின் தூக்க மாத்திரை, அதாவது அல்பிரசோலம், பாதி வீதம் மூன்று இரவு என்பதை நான் பொருட்படுத்த மாட்டேன். இந்த வகை மாத்திரை அண்ணப்பிளவு உண்டாக்கும் என்று 1970களில் எழுதினார்கள், பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் அதை டிரமடாலோடு சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள். அது வேறு கதை, பிறகு வருகிறேன்.

எந்த மாத்திரையும் தொடாத பெண்ணுக்கும், நூறு குழந்தையில் இரண்டு, மூன்று குழந்தைக்குக் குறிப்பிடத்தக்க பிறவிக் குறை இருக்கும். தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது வரை தானாகவே கலையும், பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறால். பிறவிக் குறைகளில் மருந்துதான் காரணம் என்று சொல்லக்கூடியது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் பாடநூல்கள் கணக்கு வைக்கின்றன. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது நடந்தாலும் 'படைப்புக்குப் போட்ட மாத்திரை' என்று நாத்தனார் விரல் நீட்டுவார். அவர் விரலுக்குச் சான்று கிடையாது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், தாலிடோமைடு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்கத்துக்கும், பிறகு மசக்கை வாந்திக்கும் என்று விற்றார்கள். 1961 நவம்பரில் திரும்பப் பெறுவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள், பலர் கையும் காலும் குட்டையாக. அதிலும்கூடக் கரு தரித்து ஏறக்குறைய 20ஆம் நாளுக்கும் 36ஆம் நாளுக்கும் நடுவில் போட்டவர்களுக்குத்தான் பாதிப்பு. அந்த நாட்களுக்கு வெளியே போட்ட தாய்மார்களின் குழந்தைகள் முழுதாகப் பிறந்தன. காலண்டரை எடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான். பயமும் சேதம் செய்யும் என்பதற்கு எதிர்ப்பக்கத்துக் கதை ஒன்று: டாக்சிலமின், வைட்டமின் பி6 கலந்த மசக்கை மாத்திரையை அமெரிக்காவில் வழக்குகளுக்குப் பயந்து 1983இல் நிறுவனமே நிறுத்திக்கொண்டது. குழந்தைகளின் குறை எண்ணிக்கை இறங்கவில்லை, வாந்தியால் ஆஸ்பத்திரியில் சேரும் கர்ப்பிணிகள்தான் கூடினார்கள். 30 வருஷம் கழித்து 2013இல் அதே கலவைக்கு அங்கே மறுபடி அனுமதி கொடுத்தார்கள். நம் ஊரில் உங்களுக்கு மருத்துவர் எழுதித் தரப்போகிற வாந்தி மாத்திரையும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தப் பயத்தை நானும் ஒருத்திக்கு ஊட்டியிருக்கிறேன். கடை ஆரம்பித்த புதிதில், பெட்டிக்கடை மாதிரி சின்னதாக இருந்த காலம், ஒரு பெண் வந்து நாள் தள்ளியிருந்தது தெரியாமல் காய்ச்சலுக்கு இன்ன மாத்திரை போட்டுவிட்டேன் என்று அட்டையைக் காட்டினாள். நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. 'ஐயோ' என்று என் முகம் சொல்லிவிட்டது. இரண்டு வாரம் கழித்து வந்தபோது கலைத்துவிட்டதாகச் சொன்னாள், எனக்கு நன்றி வேறு சொன்னாள். அன்றைக்கு இரவு புத்தகத்தைப் புரட்டினேன். அந்த மருந்து, அந்த அளவு, அந்த நாள், மூன்றில் எதுவும் பயப்பட வேண்டியதாக இல்லை. அதற்குப் பிறகு கல்லாவில் யார் எந்த அட்டையைக் காட்டினாலும் முதலில் 'என்னைக்குத் தாயி போட்டே?' என்றுதான் கேட்கிறேன்.

உண்மையிலேயே நடுங்க வேண்டிய மருந்துகள் சில இருக்கின்றன. முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினாயின், மூட்டுவாதத்துக்கும் தோலுக்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், வலிப்புக்கான வால்புரோயேட். வால்புரோயேட் போட்ட தாய்மார்களின் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை, பத்தில் மூன்று நாலுக்கு வளர்ச்சியிலும் படிப்பிலும் பின்தங்கல் என்பது நன்கு தெரிந்த கணக்கு. உங்கள் பட்டியலில் இவை எதுவும் இல்லை. இதைப் படிக்கிற வேறு யாராவது வலிப்பு மாத்திரை போடுகிறவராக இருந்தால், தானாக நிறுத்திவிடாமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வலிப்பு வந்து விழுந்தால் அதுவும் குழந்தைக்கு ஆபத்து.

'கலைக்கவா' என்ற கேள்விக்கு வருகிறேன். 1971ஆம் வருஷச் சட்டமும் 2021இல் வந்த திருத்தமும் சேர்ந்து, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடு கருவைக் கலைக்க வழி வைத்திருக்கின்றன. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். புருஷன் கையெழுத்து, மாமியார் கையெழுத்து எதுவும் சட்டத்தில் இல்லை. வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் முடிவு, நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் 'ரெண்டு வருஷமா எதிர்பார்த்தது' என்று இருக்கிறது. எதிர்பார்த்த பிள்ளையை, எட்டு நாள் நோரெத்திஸ்டிரோனுக்காகக் கலைக்க மருத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது அந்தக் கடைசி வரி. நீங்கள் சொன்ன மாத்திரையில் டிரமடால் 37.5, பாராசிட்டமால் 325 மில்லிகிராம். நாலு என்றால் நாளைக்கு 150 டிரமடால், 1300 பாராசிட்டமால். பாராசிட்டமால் அளவுக்குள்தான் இருக்கிறது. டிரமடால் அபின் குடும்பத்து மருந்து. சாதாரண வலி மாத்திரை என்று வருஷக்கணக்கில் கையெழுத்துச் சீட்டு இல்லாமலே ஊரெல்லாம் போனது. 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். உங்களுக்குச் சீட்டில்லாமல் மாசாமாசம் கொடுக்கிற கடை தப்பு செய்கிறது, அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அது இல்லாவிட்டால் கை நடுங்குகிறது, வேர்க்கிறது என்கிறீர்களே, அது பழக்கம் இல்லை தாயி, உடம்பு அதற்கு அடிமைப்பட்டுவிட்டது. உங்கள் குணத்தில் குறை என்று அர்த்தம் இல்லை. காலை ஆறு மணிக்கு எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று தேன்குழலும் அதிரசமும் சுட்டு, சீர் ஆர்டர் வந்தால் ராத்திரி பத்து மணி வரை நிற்கிற யாருக்கும் இது நடக்கும். இன்னொன்றும் கேளுங்கள்: இந்த வகை மாத்திரையை மாசத்தில் பத்து நாளுக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். உங்கள் தலைவலியில் எவ்வளவு அடுப்புச் சூடு, எவ்வளவு மாத்திரை என்று பிரித்துப் பார்க்கவே இப்போது முடியாது.

டிரமடால் குழந்தைக்கு என்ன செய்யும்? கர்ப்பம் முழுக்கத் தினமும் போட்டால், பிறந்த குழந்தைக்கு மருந்து நின்றுபோன தவிப்பு வரலாம் என்பது உறுதி. விடாத கீச்சு அழுகை, நடுக்கம், பால் குடிக்காமை, வயிற்றுப்போக்கு. முதல் சில நாளில் தெரியும், ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தால் சரியாகும். முன்கூட்டித் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோனால்தான் ஆபத்து. அளவு மீறினால் தாய்க்கு வலிப்பு வரலாம் என்பதும் உறுதி. அல்பிரசோலத்தோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும் என்பதும் உறுதி. மூன்று இரவு அது நடக்காமல் தப்பித்தீர்கள், நாலாவது இரவு வேண்டாம். ஆரம்ப வாரங்களில் போட்டால் பிறவிக் குறை கூடுமா என்பது சந்தேகத்தில் இருக்கிறது: சில ஆய்வுகளில் சிறிய கூடுதல் தெரிந்தது, அதற்கு மருந்துதான் காரணமா, மருந்து போடவைத்த நோயா, கூட இருந்த புகையிலையா என்று பிரிக்க முடியவில்லை. கூடியிருந்தாலும் சிறிய அளவுதான். 18லிருந்து 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் இதயமும் முதுகுத்தண்டும் அண்ணமும் நன்றாகப் பார்க்கச் சொல்வார்கள். புகையிலை என்றதும் ஞாபகம் வருகிறது, அடுப்படியில் அசதிக்கு வாயில் ஏதாவது அடக்கிக்கொள்கிற வழக்கம் உங்களுக்கும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எடை குறைந்த குழந்தைக்கும் குறைப்பிரசவத்துக்கும் அது நிச்சயக் காரணம்.

இதைப் படித்ததும் இன்றே அட்டையைக் குப்பையில் போடத் தோன்றும். போடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் உடம்பு வலி, மூக்கு ஒழுகல், கொட்டாவி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் வரும். கொடுமை என்னவென்றால் பாதி அறிகுறி மசக்கை மாதிரியே இருக்கும். வீட்டில் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து உட்காரவைப்பார்கள். திடீரென நிறுத்தினால் கரு கலையும் என்று பழைய புத்தகங்கள் பயமுறுத்தின. பிந்தைய அனுபவம் அவ்வளவு மோசம் இல்லை என்கிறது. ஆனால் தாங்க முடியாமல் மூன்றாம் நாள் கூடுதலாகப் போட்டுக்கொள்வது அடிக்கடி நடப்பது, அதுதான் பெரிய ஆபத்து. அதனால் மருத்துவரைப் பார்க்கும் வரை, அதுவும் இரண்டு நாளுக்குள் இருக்கட்டும், இப்போது போடுகிற அளவைக் கூட்டவும் வேண்டாம், ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டால் பதிலுக்கு இன்னொன்று என்று போகாதீர்கள். அதன்பின் மெல்லக் குறைப்பதா, ப்யூப்ரினார்ஃபின் மாதிரி நிதானமாக நிற்கும் மருந்துக்கு மாற்றுவதா என்பது மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. இங்கே நான் அளவு சொல்வது தப்பு.

எங்கே போவது? உங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் முதலில் கர்ப்பத்தைப் பதிவு செய்யுங்கள். 12 வாரத்துக்குள் பிக்மி எண், அதாவது அரசின் கர்ப்பப் பதிவு எண், வாங்கினால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள 18,000 ரூபாய் உதவியும் ஒழுங்காக வந்து சேரும். அந்த அம்மாள் பிறந்ததும் பக்கத்துப் புதுக்கோட்டையில்தான், 1886இல். ஃபோலிக் அமில மாத்திரை அங்கேயே கொடுப்பார்கள், இன்றே ஆரம்பியுங்கள். பிறகு காரைக்குடி அரசு மருத்துவமனையோ, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ. என்னைக் கேட்டால் சிவகங்கை, ஏனென்றால் மகப்பேறும் மனநலமும் ஒரே வளாகத்தில் இருக்கும், பிறந்த குழந்தையை வைத்துப் பார்க்கவும் வசதி உண்டு. உள்ளே போனதும் சுற்றி வளைக்காமல் இப்படிச் சொல்லுங்கள்: 'டாக்டர், ஒரு வருஷமா தினம் நாலு டிரமடால் போடுறேன், போடலேன்னா நடுங்குது, இப்ப ஆறரை வாரம்.' அட்டையைக் கையில் கொண்டுபோங்கள். மாமியாரோ நாத்தனாரோ கூட வந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று மருத்துவரிடமே கேளுங்கள். வெளியே இருக்கச் சொல்வது அவருக்குப் புதிதில்லை. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயப்பட வேண்டாம். தானாகச் சிகிச்சைக்கு வருகிறவரைக் காப்பாற்றவென்றே போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் போதை மீட்புக்கு 14446, மனநல உதவிக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாத எண்கள். நடுவில் ஒரு பக்க அடிவயிற்று வலி, தலைசுற்றல், ரத்தப்போக்கு, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108. கரு குழாயில் தங்கியிருக்கிறதா என்று இன்னும் ஸ்கேனில் பார்க்கவில்லை அல்லவா, அதனால் சொல்கிறேன்.

கடைசியாக அந்தக் காகிதப் பொட்டலம். உங்கள் பட்டியலில் பெயர் தெரியாத ஒரே மருந்து அதுதான், உறுப்பு உருவாகும் காலத்துக்கு நட்டநடுவில் புதிதாகப் போனதும் அதுதான். பெரும்பாலும் அது மெட்ராக்சி புரொஜெஸ்டிரோன் 10 மில்லிகிராமாகவோ மறுபடி நோரெத்திஸ்டிரோனாகவோ இருக்கும்; அஞ்சு நாளைக்கு எண்ணிக் கொடுத்தது அந்த வழக்கம்தான். இவை கர்ப்பம் இல்லாதவளுக்குத்தான் விலக்கை வரவழைக்கும், கர்ப்பிணிக்கு வராது, மேலே சொன்ன ஆறுதல் இதற்கும் பொருந்தும். ஆனால் சில கடைகளில் 'வரவழைக்க' என்று கேட்டால் கருக்கலைப்பு மாத்திரையில் பாதியைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள், அதாவது மிசோப்ரோஸ்டால். போட்ட அன்றே வயிற்றைப் பிசைந்து, குளிர் நடுக்கமோ வயிற்றுப்போக்கோ வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அதுவாக இருந்து கரு தங்கியிருந்தால், கை கால் வளர்ச்சியிலும் முக நரம்பிலும் குறை வரும் வாய்ப்பு, எண்ணிக்கையில் சிறியதானாலும், நிஜமானது. அப்போது பேச்சே மாறும், ஸ்கேன் பார்க்கிற மருத்துவருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும். கடைக்குப் போய்ச் சண்டை போடாதீர்கள், சண்டை போட்டால் பெயர் வராது. 'டாக்டர் பேரு கேக்குறாங்கண்ணே, எழுதிக் குடுங்க' என்று மட்டும் சொல்லுங்கள். டாக்டர் கேட்கிறார் என்றால் பெரும்பாலான கடைக்காரர்கள் பழைய அட்டையையே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பெயர் கிடைத்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.